சசிரேகாவின் கடைசி வரி

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் சிங்கப்பெருமாள் கோவிலில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடந்துவந்தன. ஒன்று, மாலையானால் கரெண்ட் போவது. இன்னொன்று, அது போவதற்குள் சசிரேகா ஊரை அழ வைத்துவிடுவது.

சசிரேகா நடிகையும் அல்ல, பாடகியும் அல்ல. மறைமலை நகரில் நட்டும் போல்ட்டும் செய்யும் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டும் கோதண்டத்தின் மனைவி. ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த புருஷோத்தமனின் வீடியோ கடையில் கேசட் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தாள். புருஷோத்தமன் கடை மாடியிலிருந்து வேப்ப மரத்துக்கும், வேப்ப மரத்திலிருந்து புளிய மரத்துக்கும் ஒயர் இழுத்து வீடு வீடாகக் கேபிள் கொடுத்திருந்தார். மாலையில் ஒரு படம் ஓடும். படத்துக்கு முன்னால் ஊர்ச் செய்தி. கல்யாணத்துக்கு எடுத்துப் போகும் வீடியோ காமிராவை ஒரு ஸ்டூலின் மேல் நிறுத்தி, கோட்டு மாட்டிக்கொண்டு புருஷோத்தமனே வாசிப்பார். கோட்டுக்குக் கீழே கைலிதான். அதை மேஜை மறைத்துக்கொள்ளும்.

அவர் வாசிப்பதை எழுதுபவள் சசிரேகா.

அவளுக்கு எழுத்து வந்த விதத்தைக் கேட்டால் கல்லும் கரையும். ஒரகடம் பக்கத்துக் கிராமத்தில் பயிர் வைத்துப் பிழைத்த வீட்டில் பிறந்தவள். வாரப் பத்திரிகை வாங்கும் வசதி இல்லாத வீடு. ஆனால் மளிகைக் கடையிலிருந்து பருப்பும் மிளகாயும் வெல்லமும் பழைய பத்திரிகைத் தாளில்தான் பொட்டலமாக வரும். பொட்டலத்தைப் பிரித்ததும் சாமான் அம்மாவுக்கு, தாள் சசிரேகாவுக்கு. தாளில் தொடர்கதை. கதாநாயகி கண்ணீரோடு கிணற்று மேட்டில் நிற்பாள். குதித்தாளா இல்லையா என்பது அடுத்த தாளில் இருக்கும். அடுத்த தாள் யார் வீட்டுக் கடுகைச் சுமந்துகொண்டு எந்தத் தெருவுக்குப் போனதோ, யார் கண்டார்கள். வீட்டில் துவரம் பருப்பு வெந்து, ரசமாகி, எல்லாரும் சாப்பிட்டுத் தூங்கிய பிறகும் அந்தப் பெண் சசிரேகாவின் நெஞ்சுக்குள் கிணற்று மேட்டிலேயே நின்றுகொண்டிருப்பாள்.

இப்படி முடிவு தெரியாத கதைகளாகவே படித்து வளர்ந்தவள் ஒன்றை மட்டும் உறுதியாக நம்பினாள். விஷயத்தைச் சொல்லிவிட்டால் விஷயம் செத்துவிடும்.

கதைக்கு அது பொருந்தலாம். ஊர்ச் செய்திக்கு?

முதல் வாரமே மீனம்மாளின் ஆடு காணாமல் போனது. மீனம்மாள் ஸ்டேஷன் வாசலில் இட்லி விற்பவள். கடைக்கு வந்து, வெள்ளை ஆடு, காதில் கறுப்பு, பார்த்தவர்கள் சொல்லவும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாலை புருஷோத்தமன் கனத்த குரலில் வாசித்தார்: "பெற்ற பிள்ளை பம்பாய்க்குப் போய்விட்டான். கட்டியவன் கண்மூடிவிட்டான். மீனம்மாளுக்கு இந்த உலகில் எஞ்சியிருந்தது ஒரே ஓர் உயிர். தன் கையாலேயே ஊட்டி வளர்த்த அந்த உயிரும் நேற்று அந்தி சாயும் நேரத்தில் அவளை விட்டுப் பிரிந்தது." இப்படியே இரண்டு பக்கம். ஆடு என்ற சொல் கடைசி வரியில் வந்தது. அதற்குள் பாதி ஊர் எழுந்து கிளம்பிவிட்டது. மாலையும் கையுமாக மீனம்மாள் வீட்டுக்குப் போனவர்களை, தானாகவே வீடு திரும்பியிருந்த ஆடு வாசலிலேயே வரவேற்று, ஒரு மாலையைப் பாதிக்கு மேல் தின்று தீர்த்தது.

அடுத்தது மின்சார வாரியம் கொடுத்த அறிவிப்பு. பராமரிப்புப் பணிக்காக ஒரு தெருவில் மறுநாள் முழுவதும் மின்சாரம் இருக்காது. சசிரேகா அதை இப்படி முடித்திருந்தாள்: "இருளில் மூழ்கப் போகும் அந்தத் துர்பாக்கியத் தெரு எது? நாளை இதே நேரம், இதே திரையில்."

மறுநாள் அந்த நேரத்தில் அந்தத் தெருவில் திரை ஏது?

"எம்மா சசிரேகா," என்றார் புருஷோத்தமன், தலையில் கை வைத்துக்கொண்டு. "ரேடியோ கேக்கறியா நீ? மெட்ராஸ் நியூஸ் போடறானே, எப்டி சொல்றான்? மொதல்ல விஷயம். அப்புறம்தான் மத்ததெல்லாம்."

"கேட்டேண்ணே. ஒரு அணை ஒடஞ்சிருக்கு. அந்தாளு தொண்டை கூட அடைக்காம அடுத்தது விளையாட்டுன்னு பூட்டாருண்ணே. மனுசனா அவரு?"

"அணை ஒடஞ்சத சொன்னானா இல்லியா?"

"சொன்னாரு. நான் அழுவல."

"நீ அழுவறதுக்கா அவனுக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

ஆனால் சசிரேகாவை நிறுத்திவிட அவரால் முடியவில்லை. இந்த அழுகைக்காகவே பெண்கள் கேபிள் கேட்டு வந்தார்கள். ஒயர் போதாமல் செங்கல்பட்டுக்குப் போய் வாங்கி வர வேண்டியிருந்தது. ஆகவே ஒரு நிபந்தனை வைத்தார். "இன்னொரு தபா உன் நியூஸால எவனாவது அவதிப்பட்டான்னு கடைக்கு வந்தான், அன்னியோட நியூஸு கட். நேரா படத்தப் போட்டுடுவேன்."

சசிரேகாவுக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

அவளுடைய கணவன் கோதண்டத்தின் நிலைமை வேறு விதம். அவன் அந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து தற்காலிகத் தொழிலாளி. அவனுக்குப் பிறகு வந்தவர்கள் நிரந்தரமாகி, கல்யாணம் செய்து, பிள்ளைக்குக் காது குத்தும் விருந்துக்கு அவனையே கூப்பிட்டிருந்தார்கள். கடைசியில் அந்தக் கார்த்திகை மாதத்தில் விடிவு வந்தது. திங்கட்கிழமை காலை மேனேஜர் லைனுக்கு நேரில் வந்து பார்த்து, நிரந்தரம் செய்பவர்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறார். "சங்கு ஊதும்போது மெஷின்கிட்ட நிக்கணும். நிக்காதவன் பேரு இல்ல. அவ்ளோதான்," என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அவனை மெஷினுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நீல நிறக் கம்பெனி பஸ். விடியற்காலையில் செங்கல்பட்டிலிருந்து வந்து, கோவில் தெரு முனையில் அரச மரத்தடியில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அதை விட்டால் டவுன் பஸ்தான். அது வந்து, கிளம்பி, ஜி.எஸ்.டி. ரோட்டில் இறக்கிவிட்டு, அங்கிருந்து உள்ளே நடந்து போய்ச் சேருவதற்குள் மேனேஜர் மதியச் சாப்பாட்டுக்கே போயிருப்பார்.

சனிக்கிழமையிலிருந்து கோதண்டம் அந்த ஒரு பஸ்ஸையே நினைத்துக்கொண்டிருந்தான். விதிக்கு அது பொறுக்குமா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்தப் பஸ்ஸைக் கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் விட்டிருக்கும் பாபு வீடியோ கடைக்கு மூச்சு வாங்க வந்தார்.

"அரச மரத்தாண்ட கொழா போட பள்ளம் தோண்டிக்கினு இருக்காங்க. வண்டி திரும்ப முடியாது. நாளைலேர்ந்து பஸ்ஸு ரயில்வே கேட்டாண்ட நிக்கும். இன்னிக்கு லீவு, ஆளுங்கள எங்கன்னு போய்த் தேடுவேன்? நியூஸ்ல சொல்லிடுங்க."

சசிரேகாவின் கண்கள் பளபளத்தன. எத்தனையோ வருஷமாக விடிந்ததும் சந்தித்துக்கொண்டிருந்த ஒரு மரமும் ஒரு பஸ்ஸும் பிரிகின்றன. இதைவிடப் பெரிய துயரம் சிங்கப்பெருமாள் கோவிலில் நடந்ததுண்டா? நடுவிலே கடப்பாரையோடு ஒரு வில்லன் வேறு.

மாலையில் புருஷோத்தமன் கோட்டு மாட்டிக்கொண்டே தாளை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்கப் புருவம் ஏறியது.

"யாரும்மா இந்த நீலச் சேலக்காரி?"

"பஸ்ஸுண்ணே."

"பஸ்ஸுன்னு மொதல்லயே போட்டா இன்னா?"

"பஸ்ஸுன்னு தெரிஞ்சா அப்புறம் யாருண்ணே அழுவாங்க?"

"பாபு சொன்னது எங்க கீது?"

"கடசி வரில பளிச்சுனு கீதுண்ணே. பாருங்க. அவதிக்கே எடமில்ல. எங்க வூட்டுக்காரரே அந்தப் பஸ்ஸுல போறவர்தானே, நான் வுட்டுடுவனா?"

கடைசி வரியில் இருக்கத்தான் இருந்தது. புருஷோத்தமனால் குற்றம் சொல்ல முடியவில்லை. அப்படியானால் கணவனிடம் வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். கோதண்டமும் கேட்காமல் இல்லை. இடையில் வீட்டுக்கு வந்தவள் மாலை மறுபடி கடைக்குக் கிளம்பும்போது, "இன்னிக்கு இன்னா நியூஸு?" என்று கேட்டான்.

"டிவில பாருங்க."

"கட்டினவனுக்கே டிவில பாருன்றியே, நாயமா?"

"உங்களுக்கோசரம்தான் எழுதிகிறேன். பாத்துட்டு சொல்லுங்க." வெட்கத்தோடு சொல்லிவிட்டுப் போனாள். கடைசி வரியைக் கேட்டதும் கணவன் முகம் எப்படி மலரும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாள். பேதைப் பெண்.

செய்தி நேரம் வந்தது. புருஷோத்தமன் ஆரம்பித்தார்.

"அரச மரமே, அழாதே. விடியல்தோறும் பனியைக் கிழித்துக்கொண்டு உன்னைத் தேடி வந்தாளே ஒருத்தி. நீலச் சேலைக்காரி. ஊர்ப் பாரத்தையெல்லாம் ஒற்றை ஆளாகச் சுமந்தும் முகம் சுளிக்காதவள். உன் நிழலில் வந்து நின்று அவள் விட்ட பெருமூச்சை ஊரே கேட்டிருக்கிறது. இன்று உனக்கும் அவளுக்கும் நடுவே பள்ளம் தோண்டிய பாவி யார்? அவன் கடப்பாரைக்கு இதயம் இல்லையா? இனி அந்த அபலை எங்கே போவாள்? எந்த வாசலில் நிற்பாள்?"

தெருத் தெருவாக மூக்கு உறிஞ்சும் ஓசை எழுந்தது. அந்த நொடியில் கரெண்ட் போனது.

ஊருக்குத்தான் போனது. வீடியோ கடைக்குப் போகவில்லை. கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் ஜெனரேட்டர் ஒன்று கடைப் பின்கட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்காக அதை முன்பே ஓட விட்டிருந்தார்கள். எனவே கடைக்குள் விளக்கு ஒரு தடவைகூட இமைக்கவில்லை. புருஷோத்தமன் பள்ளத்தைத் தாண்டி, பெருமூச்சைத் தாண்டி, "அவள்தான் கம்பெனி பஸ். நாளை முதல் ரயில்வே கேட் அருகே நிற்பாள்," என்று தழுதழுத்த குரலில் முடித்தார். அதைக் கேட்டவர்கள் உலகத்தில் மூன்று பேர்: வாசித்தவர், எழுதியவள், ஸ்டூல்.

சசிரேகா வீட்டுக்கு வந்தபோது தெரு இருட்டாக இருந்தது. அது வழக்கம்தானே, எப்போது போயிற்றென்று யார் யோசிப்பார்கள். காலை ஷிப்டுக்காகக் கோதண்டம் சீக்கிரமே படுத்துவிட்டிருந்தான்.

"பாத்தீங்களா?" என்றாள் காதோரமாக.

"ம்," என்றான் பாதித் தூக்கத்தில். "மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு சசி."

அவள் பூரித்துப் போனாள். விடியற்காலையில் அவன் குளித்து, விபூதி இட்டு, டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பியபோது, வாசலில் நின்று வழியனுப்பினாள். அவன் தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்பினான் என்று பார்க்கவில்லை. கண் நிறைந்திருந்தது.

குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனாள். அங்கே அடுத்த வீட்டு அம்சவல்லி தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். அம்சவல்லிக்கு எதிலும் அவசரம். பேச்சிலும் அவசரம்.

"யக்கா, ராத்திரில்லாம் தூக்கமே இல்ல. அந்த நீலச் சேலக்காரி இன்னா ஆனா? கெணத்துல வுழுந்துட்டாளா?"

"இன்னாடி கேக்கற? கடசில சொன்னாரே."

"எங்க சொன்னாரு? எங்க போவான்னு கேக்கறாரு, பொசுக்குனு கரெண்ட புடுங்கிட்டான். எங்க வூட்டுக்காரரு இப்போ அரச மரத்தாண்டதான் போய்கீறாரு. பஸ்ஸுக்கும் ஆச்சு, அவ வந்தா பாத்துட்டு வரேன்னாரு. தனியா போவாதன்னு நானும் வரேன்னேன். வுட்டுட்டுப் பூட்டாரு."

சசிரேகாவின் கையிலிருந்த குடம் நழுவி, உருண்டு, சாக்கடை ஓரம் போய் நின்றது. கிணற்று மேட்டில் நின்ற அத்தனை பெண்களும் ஒரே சமயத்தில் அவள் நெஞ்சுக்குள் குதித்தார்கள். அரச மரத்தடியில் கோதண்டம். ரயில்வே கேட்டில் பஸ். மறைமலை நகரில் மேனேஜர். இவை மூன்றும் ஒன்று சேராதபடி நடுவில் நிற்பது அவளுடைய கடைசி வரி.

அரச மரம் கிழக்கே, கேட் மேற்கே. இரண்டு பக்கமும் அவளால் ஓட முடியாது.

"அம்சா, மரத்தாண்ட ஓடு. போய்ச் சொல்லு." சசிரேகா மூச்சை இழுத்துக்கொண்டாள். "அரச மரத்தின் நிழலில் காத்திருக்கும் அன்பு நெஞ்சங்களே..."

"யக்கா, அவ்ளோல்லாம் எனக்கு ஞாபகம் நிக்காது. ஒண்ணு சொல்லு."

அம்சவல்லி ஏற்கனவே இரண்டடி எடுத்து வைத்துவிட்டாள். சசிரேகாவுக்கு யோசிக்க நேரமில்லை. கண்ணீர் சேர்க்க நேரமில்லை.

"பஸ்ஸு ரயில்வே கேட்டாண்ட நிக்குது. ஓடியாங்க."

"அது போதும்," என்று அம்சவல்லி சேலையைச் செருகிக்கொண்டு பறந்தாள்.

சசிரேகா மேற்கே ஓடினாள். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நீல பஸ் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே செங்கல்பட்டு ஆட்கள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் மண்ணாங்கட்டி, பெயர் மட்டும்தான் அப்படி, நேரம் தவறாத மனிதர். ஊரில் ஒருவரும் ஏற வரவில்லை, ஊரே லீவு போட்டுவிட்டது என்று தீர்மானித்துக் கியரில் கை வைத்துவிட்டார்.

சசிரேகா படியில் தொற்றிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. ஆளுங்க வராங்க."

"டைம் ஆச்சும்மா. வுடு கம்பிய." அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். "நீ நியூஸு எழுதற அம்மா இல்ல? புருசோத்தமன் கடைல?"

"ஆமாண்ணே."

மண்ணாங்கட்டியின் கை கியரை விட்டு வந்தது. "நல்லாருப்பம்மா. நேத்து உங்க ஊரு டீக்கடைல பாத்துக்கினு இருந்தேன். கரெண்ட் பூட்ச்சி. அந்த நீலச் சேலக்காரி கடசில இன்னாதான் ஆனா?"

தெருவைத் திரும்பிப் பார்த்தாள் சசிரேகா. ஒருவரும் வரவில்லை. ஒரு வரியில் சொல்லிவிட்டால் பஸ் போய்விடும். தன் வாழ்நாள் முழுக்கக் கற்ற கல்வி எல்லாம் இதற்காகத்தானோ என்று அவளுக்குத் தோன்றியது.

"அத்த ஏண்ணே கேக்கறீங்க," என்று ஆரம்பித்தாள். குரல் தானாகவே தழுதழுத்தது. "அவ நெலமை எதிரிக்கும் வரக் கூடாது."

"ஐயோ. அந்தக் கடப்பாரக்காரன் அடிச்சிட்டானா?"

"அடிச்சிருந்தா கூடத் தேவலாம்ணே. வழிய மறிச்சிட்டான். அவ அழுதுகினே திரும்பினா. ஒரு தெரு போனா. அங்க நிக்க வுடல. இன்னொரு தெரு போனா. அங்க ஒரு எரும குறுக்க படுத்துகினு இருந்துச்சு."

"எரும எங்கம்மா வந்துச்சு நடுவுல?"

"விதிண்ணே."

"அது சரி," என்று ஒப்புக்கொண்டார் மண்ணாங்கட்டி. தூங்கிக்கொண்டிருந்த செங்கல்பட்டு ஆட்களில் இரண்டு பேர் விழித்து, முன்பக்கம் வந்து உட்கார்ந்தார்கள்.

எருமை எழுந்து போனது. மழை வந்தது. நீலச் சேலைக்காரி நனைந்தாள். வயதான ஒருவர் அவளுக்குப் பாதை காட்டினார், ஆனால் அவருக்குக் கண் தெரியாது. சசிரேகாவிடம் இன்னும் ஒரு குளம், ஒரு பாம்பு, ஒரு கோவில் மணி ஆகியவை கையிருப்பில் இருந்தபோது, தூரத்தில் அம்சவல்லியின் குரல் கேட்டது. அவளுக்குப் பின்னால் டிபன் டப்பாக்கள் கடகடக்க ஒரு கும்பல். கும்பலுக்கு முன்னால், ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கோதண்டம்.

"ஏறுங்க, ஏறுங்க," என்று சசிரேகா வழி விட்டாள். கோதண்டம் ஏறும்போது அவளை முறைத்தான். மூச்சு வாங்கியதில் முறைப்பு சரியாக வரவில்லை.

மண்ணாங்கட்டி கியரைப் போட்டார். ஆனால் பஸ்ஸை எடுக்கவில்லை. "கடசில இன்னாம்மா ஆச்சு? சொல்லிட்டுப் போ. நாள் பூரா வண்டி ஓட்டணும் நானு."

சசிரேகா படியிலிருந்து இறங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதையின் முடிவைக் கேட்டவர் கையில் அப்படியே கொடுத்தாள்.

"அவ ரயில்வே கேட்டாண்ட வந்து நின்னா. அவதாண்ணே உங்க பஸ்ஸு."

மண்ணாங்கட்டி ஸ்டியரிங்கைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். தலைக்கு மேலே நீலத் தகரத்தைப் பார்த்தார்.

"இதுக்கா நான் ராத்திரி சோறு துன்னல?" என்றார். பஸ் போய்விட்டது.

சங்கு ஊதும்போது கோதண்டம் மெஷின் அருகே நின்றான். செருப்பு ஒன்று கையிலேயே இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். மேனேஜர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லையாம்.

அன்று மாலை சசிரேகா தானாகவே புருஷோத்தமனிடம் போய் நின்றாள். மரத்தடிக் கும்பலில் யாராவது புகார் சொல்ல வருவதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டாள். அவர் கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

"நியூஸு கட்டுதானேண்ணே?"

"கட்டு பண்ணா பொம்பளைங்க என் ஒயர அறுத்துடுவாங்க. ஒண்ணு செய். இந்த ஊர்ல கரெண்ட் எப்போ போவும்னு எவனுக்கும் தெரியாது. அதனால மொத வரில விஷயத்தச் சொல்லிடு. அது போய்ச் சேந்த பெறகு நீ எவ்ளோ வேணா அழு. கரெண்ட் இருக்கற மட்டும் நானும் உன்கூட அழுவறேன்."

அவளுக்கு அது தாலியைக் கழற்றிக் கொடு என்பது போலத்தான் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்து எழுதினாள். முதல் வரியை எழுத அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் வழக்கமாக மூன்று பக்கம் முடித்திருப்பாள். புருஷோத்தமன் தாளை வாங்கி, காமிராவைப் பார்த்து வாசித்தார்.

"கோதண்டம் நிரந்தரமாகிவிட்டார். அவரோடு இன்னும் ஒன்பது பேர். அழாதே, செருப்பே, நீ நனைந்தது மழையிலா, அல்லது..."

கரெண்ட் போனது.

அன்று ஜெனரேட்டரும் இல்லை. கல்யாணத்துக்குப் போயிருந்தது. சசிரேகா இருட்டில் தடவித் தடவி வீடு வந்தாள். தெருவெல்லாம் ஆட்கள் மெழுகுவர்த்தியோடு வெளியே வந்து கோதண்டத்தோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். மீனம்மாள் ஒரு தூக்கு நிறைய இட்லி கொண்டுவந்திருந்தாள், கூடவே ஆடும் வந்திருந்தது. யாரும் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அத்தனை பேருக்கும், ஒரே வரியில்.

சசிரேகா சந்தோஷத்தில் சிரித்தாள். ஆனாலும் நெஞ்சின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு வலி. மீதி இரண்டரைப் பக்கத்தை, அந்தச் செருப்பின் கண்ணீரை, கேட்க ஒரு ஜீவன் இல்லையே.

எல்லாரும் கலைந்து போன பிறகு கதவு மெல்லத் தட்டப்பட்டது. அம்சவல்லி மெழுகுவர்த்தியோடு நின்றிருந்தாள்.

"யக்கா, மாமா பர்மனென்ட் ஆனது தெரியும். அது இருக்கட்டும்." உள்ளே வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். "மேனேஜரு சொன்னப்போ மாமா அழுதாரா? எப்டி அழுதாரு? அத்த மொதல்லேர்ந்து சொல்லு. மெதுவா சொல்லு, எனக்கொண்ணும் அவசரம் இல்ல."